மடித்தது எதுவும் உள்ளே வரக்கூடாது

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில், வெள்ளைக்காரன் காலத்து மேனேஜர் பங்களா ஒன்றைச் சுற்றி மதில் கட்டினார்கள். கட்டட்டும் என்று இருந்தோம். அது முடிந்ததும், அதற்குள்ளேயே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து விட்டு இன்னொரு மதில் எழுப்பினார்கள். தங்கம் எடுத்த இடத்துக்கே ஒரு மதில் போதுமாக இருந்தது. இவர்கள் அப்படி என்னத்தை எடுக்கப் போகிறார்கள் என்று ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதே பேச்சு.

கடைசியில் போர்டு மாட்டினார்கள். 'பசுங்கணிகச் சவ்வுப் புரத நிலைநிறுத்த மையம்' என்று இருந்தது. பஸ்ஸில் போகிறவன் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும்.

விஷயம் இதுதான். இலைக்குள்ளே பசுங்கணிகம் என்று ஒன்று இருக்கிறது. வெயிலைப் பிடித்துச் சாப்பாடு ஆக்குகிற அடுப்படி. அங்கே வேலை பார்க்கும் புரதங்களில் முக்கால்வாசிப் பேர் வெளியே பிறந்தவர்கள். இரண்டு சவ்வைத் தாண்டி உள்ளே வந்து, அங்கே இருக்கிற இன்னொரு சவ்வில் இடம் பிடித்து உட்கார்ந்து, பச்சையத்தைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் நிலைப்பார்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் வெட்டுக்காரர்கள் துண்டு துண்டாக்கிவிடுவார்கள். எப்படி உட்காருகிறார்கள், எப்படி நிலைக்கிறார்கள் என்று ஆராய்வதற்குத்தான் மையம். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. அதை அவர்கள் செய்திருந்தால் நான் எதற்கு இதை எழுதப் போகிறேன்?

மையத்தின் இயக்குநர் டாக்டர் சுந்தரராஜ் திறப்பு விழாவில் பேசினார். "இலையை அறுத்துப் பார்ப்பவன் சாதாரண விஞ்ஞானி. இலையாகவே வாழ்கிறவன்தான் இயக்குநர். இந்த மையம் பசுங்கணிகத்தை ஆராயாது. பசுங்கணிகமாகவே நடக்கும். இங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு புரதம்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். பிஸ்கட் கொடுத்தார்கள்.

இந்தப் புரதங்களில் ஒருவன்தான் ஏனோக். என்னோடு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தவன். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிற வேலை. இருட்டில் கிளம்புவான், இருட்டில் திரும்புவான். ஞாயிறு பள்ளியில் அவன் மகள் ஸ்வீட்டியிடம் "அப்பா இன்னா வேலை செய்றாரு?" என்று டீச்சர் கேட்டபோது, "ரயில்ல நிக்கிற வேலை" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஏனோக் என்னிடம் வந்து, "எனுக்கு மனசே ஆறலண்ணா" என்றான். உள்ளூரிலேயே மையத்தில் உதவியாளர் வேலை, முதலில் டெம்பரரி, நிலைத்துவிட்டால் பர்மனென்ட் என்று தெரிந்ததும், ஒயிட்ஃபீல்டு வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தான். பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு வர வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ரயில் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாரிக்குப்பத்தில் கிளம்புகிற எங்கள் ரயிலுக்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டில் கர்ச்சீப் கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம், இன்னும் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். அந்த சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். சொந்த மாமனார் வந்து நின்றாலும் கர்ச்சீப்பை நகர்த்த மாட்டோம். ஜன்னல் கம்பி வழியாகக் குறி பார்த்து வீசுவதில் ஏனோக் கெட்டிக்காரன். பங்காருபேட்டை ஆட்களே அவனைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

முதல் நாள் வெளி மதில் வாசலில் செக்யூரிட்டி சாம்ராஜ் நிறுத்தினான். ஏனோக்கோடு ஒரே சர்ச்சில் பாடுகிறவன்தான்.

"டிபன் பாக்ஸைத் தொறங்கண்ணா" என்றான்.

திறந்து காட்டினான்.

"தோசை மடிச்சிகீது."

"தோசைன்னா மடிக்கத்தான்பா செய்வாங்க."

"மடிச்சது எதுவும் உள்ள பூரக்கூடாதுண்ணா. புரதம் சவ்வுக்குள்ள பூரும்போது நூலு மாதிரி நீட்டமாத்தான் பூருமாம். உள்ள போயி மடிச்சிக்குமாம். டைரக்டர் ஆர்டரு."

மனைவி லவினா கட்டிக்கொடுத்த தோசையை விரித்து, இரண்டு கையிலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு ஏனோக் உள்ளே போனான். சட்டினி பின்னால் தனியாக வந்தது. மடக்கிவிட்ட சட்டைக் கையை இறக்கச் சொன்னார்கள். பேப்பரை விரிக்கச் சொன்னார்கள். மழை நாளில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் மடக்கின குடையை விதிப்படி விரித்துக்கொண்டு நுழைந்தார். வாசல் சின்னது. குடையும் அவரும் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வெல்டிங் ஆள் வந்து கேட்டை அறுத்து மீட்டான். 'சவ்வில் நெரிசல்: ஓர் அவதானிப்பு' என்று இயக்குநர் அதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

வெளி வாசலில் கழுத்தில் ஒரு நுழைவுச் சீட்டு மாட்டுவார்கள். உள் மதில் வாசலில் அதைக் காட்ட வேண்டும். காட்டினதும் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவார்கள். உள்ளே வந்த பிறகு புரதத்துக்கு அந்த வால் தேவையில்லையாம். நறுக்குகிறவனும் சாம்ராஜ்தான். வெளி வாசலில் மாட்டிவிட்டு, சந்து வழியாக ஓடிவந்து உள் வாசலில் நின்று நறுக்குவான்.

அதற்கப்புறம் தனியாக நடக்கக் கூடாது. பாப்பம்மா அக்கா என்று ஒருத்தி துணைக்கு வருவாள். தோளில் கை வைத்துக்கொண்டே வருவாள்.

"நான் கொழந்தயாக்கா?" என்று ஏனோக் கேட்டான்.

"இன்னா பண்றது தம்பி. தனியா உட்டா இன்னொருத்தரோட ஒட்டிகினு கட்டியா ஆயிடுவீங்களாம். கட்டியானா தூக்கிப் போட்ருவாங்க" என்றாள் பாப்பம்மா. டெம்பரரி ஆட்கள் இரண்டு பேர் வராந்தாவில் கிரிக்கெட் ஸ்கோர் பேசியதற்காக உண்மையிலேயே தூக்கிப் போட்டிருந்தார்கள். ஏனோக் பாத்ரூம் போனாலும் பாப்பம்மா வெளியே நின்று, "ஆயித்தா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டுக் குரல் கொடுப்பாள். அவனுக்கு வருவதும் நின்றுவிடும்.

ஹாலில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன. அதுதான் சவ்வு. ஏனோக்கின் நாற்காலி ஜன்னலோரம். ஆனால் தானாக உட்காரக் கூடாது. நுழைப்பு அலுவலர் என்று ஒருவர் வந்து தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தால்தான் செல்லும். அழுத்தி அழுத்தி அவருக்குத் தோள் இறங்கிப்போய் மெடிக்கல் லீவில் இருந்தார். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லோரும் அவரவர் நாற்காலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் ரயிலில் போய் வந்தவர்கள், அதனால் கால் பழகியிருந்தது. பட்டாணி இலையை அரைத்து வடிகட்டுவது ஏனோக்கின் வேலை என்று ஆர்டரில் போட்டிருந்தது. மிக்ஸி இருந்தது. உட்காராதவன் மிக்ஸியைத் தொடக் கூடாது என்று விதியும் இருந்தது. பட்டாணிச் செடி பின்புறம் காய்த்துத் தொங்கியது. அதை பாப்பம்மா குருமாவுக்குப் பறித்துக்கொண்டு போனாள்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது. பச்சைக் கோட்டு போட்டால்தான் நிலைத்தவன். ஏனோக் ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர் கீப்பர் நேசமணி, கதவில் கறுப்புத் துணி தொங்கவிட்டு, வாசலில் மணல் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாளி எதுக்கு சார்?"

"உள்ள பச்சக் கோட்டு கீது. பச்சையம் புரதம் இல்லாம தனியா வெளிச்சத்துல இருந்தா, சுத்தி கீறத எல்லாம் நாசம் பண்ணிடுமாம். அதான் இருட்டுல வெச்சிகீறோம். எதுக்கும் மணலும் வெச்சிகீறோம்."

"எனுக்கு ஒரு கோட்டு குடுங்க சார்."

"நிலைச்சவங்களுக்குத்தான் கோட்டு."

"நிலைக்கறதுக்கு இன்னா பண்ணணும்?"

"கோட்டு போடணும்."

"அப்போ மொதல் கோட்டு யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டான்.

"யாருக்கும் குடுக்கல. அதான் ஸ்டாக் அவ்ளோ சரியா கீது" என்றார் நேசமணி. கேட்டவனுக்குத்தான் அழுகை வந்தது, சொன்னவருக்குப் பெருமையாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டைரக்டரே இன்னும் டெம்பரரிதான். மேலருந்து குழு வருது. மையத்துல ஒண்ணாவது நிலைச்சிதான்னு பாக்கப் போறாங்க. இல்லன்னா இழுத்து மூடிடுவாங்க" என்றார்.

மையத்தில் நேரத்துக்கு வேலை நடக்கிற ஒரே பிரிவு சிதைப்புக் குழு. மூன்று பேர். நிலைக்காதவர்களைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவது அவர்கள் வேலை. ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லை. ஓவர்டைமும் பார்த்தார்கள்.

மேல்குழு வருகிற தேதி தெரிந்ததும் இயக்குநர் எல்லோரையும் கூட்டிப் பேசினார். "நம்மிடம் இதுவரை யாரும் நிலைக்கவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நிலைக்காமை பற்றி இந்த நாட்டில் நம்மைப் போல அறிந்தவர்கள் யார்? ஒருவரைக்கூட நிலைக்க விடாமல் ஒரு மையத்தை நடத்துவது எளிதல்ல. இருந்தாலும் குழு ஆசைப்படுகிறது. குழுவின் முன்னிலையில் ஒருவரை நேரடியாக நிலைக்க வைத்துக் காட்டுவோம். என் பதவிக்காகச் சொல்லவில்லை. என் பதவி போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்" என்றார்.

ஏனோக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் ஒல்லி, வாசலில் சிக்க மாட்டான் என்று. வாசல் தாண்டி, வால் நறுக்கி, துணையோடு நடந்து, அன்றைக்கு மட்டும் லீவிலிருந்து வருகிற நுழைப்பு அலுவலரால் நாற்காலியில் அழுத்தப்படுகிற அதே நொடியில் நேசமணி கோட்டை நீட்டுவார் என்று ஏற்பாடு. அன்றைக்கு நிலைக்காவிட்டால் சாயங்காலமே சிதைப்புக் குழு.

வீட்டில் லவினாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டையைத் தேய்த்தாள். கிறிஸ்துமஸ் பாடற்குழுவுக்கு எடுத்த பச்சைப் புடவையில் மிஞ்சின துண்டை ஓரம் அடித்துக் கர்ச்சீப்பாக்கிக் கொடுத்தாள். "கோட்டு குடுக்கும்போது மூஞ்ச தொடச்சிக்கங்க. போட்டோ புடிப்பாங்க" என்றாள். ஸ்வீட்டி, "நீங்க இனிமே தெனமும் வெளிச்சத்துலயே வருவீங்களாப்பா?" என்று கேட்டாள். "வருவேன்" என்றான். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அப்படிக் கேட்டால் எந்த அப்பன் வேறு மாதிரி சொல்லுவான்?

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. வாசலில் சாம்ராஜ் புதுக் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தான். குழுவுக்கு ரிப்பன் வெட்ட வாங்கின பளபளக்கும் கத்தரி. ஏனோக் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து, மடிப்பைப் பிரித்து, நீட்டிக் காட்டினான். சாம்ராஜ் அவன் கழுத்தில் சீட்டை மாட்டினான். மாட்டின கையோடு, புதுக் கத்தரி கையில் இருந்த உற்சாகத்தில், அங்கேயே நறுக்கியும் விட்டான்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போங்கண்ணா, உள்ள எதனா சொல்லிக்கலாம்" என்றான் சாம்ராஜ்.

ஏனோக் சந்துக்குள் ஓடினான். உள் வாசலில் அன்றைக்கு மேல்குழுவோடு வந்த ஆட்களே காவல். சீட்டு எங்கே என்றார்கள். நறுக்கிட்டாங்க என்றான். நறுக்கியிருந்தால் நீ உள்ளே இருக்க வேண்டுமே என்றார்கள். உள்ளே விடுங்க, அங்க இருக்கேன் என்றான். சீட்டு இல்லாமல் எப்படி விடுவது என்றார்கள். சரி, வெளியேயாவது போகலாம் என்று திரும்பினால், சீட்டு நறுக்கப்பட்டவன் வெளியே போக விதியில் வழி இல்லை என்று அவர்களே வெளிக் கேட்டையும் சாத்திவிட்டார்கள். இரண்டு மதிலுக்கும் நடுவில், மழையில், தொப்பலாக நின்றான்.

அந்தச் சந்தில் ஓர் இடத்தில் ஹாலின் சுவரே உள் மதில், அதில் ஹாலின் ஜன்னல். கம்பி வழியாகப் பார்த்தான். உள்ளே வழக்கம்போல எல்லோரும் நாற்காலிகளின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மேல்குழுத் தலைவி டாக்டர் வாணி, பெங்களூரிலிருந்து வந்தவர், நின்று நின்று கால் வலித்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஆள் நிற்காத ஒரு நாற்காலி கண்ணில் பட்டது. ஜன்னலோரம். ஏனோக்குடையது. அதை நோக்கி நடந்தார்.

ஏனோக் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் அவன் கை எதைச் செய்ததோ அதையே செய்தது. நனைந்து கனத்திருந்த பச்சைக் கர்ச்சீப் கம்பிக்கு நடுவே பறந்து போய், நாற்காலியின் நட்டநடுவில் சப்பென்று விழுந்து ஒட்டிக்கொண்டது.

டாக்டர் வாணி குனிந்து உட்காரப் போனார்.

"மேடம், அங்க கர்ச்சீப் கீது" என்றாள் பாப்பம்மா.

"இருக்கட்டும். எடுங்க."

யாரும் அசையவில்லை. குழுவைத் தவிர ஹாலில் இருந்த அத்தனை பேரும் மாரிக்குப்பத்து ரயிலில் வளர்ந்தவர்கள். நேசமணி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆள் வருவாங்க மேடம்" என்றார்.

"எப்போ வருவாங்க?"

"அது தெரியாது. வருவாங்க."

டாக்டர் வாணி கர்ச்சீப்பைப் பார்த்தார். பிறகு நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. எல்லோருடைய தலைமுடியும் பறந்தது, கர்ச்சீப் பறக்கவில்லை. இயக்குநர் முகம் வெளுத்து நின்றவர், அதைப் பார்த்ததும் மெல்ல நிமிர்ந்தார். அவருக்கு எங்கிருந்துதான் வருமோ, பேச்சு வந்துவிட்டது.

"அம்மா, நன்றாகக் கவனியுங்கள். வெளியே பிறந்தது. மடிப்பில்லாமல் வந்தது. வால் கிடையாது. சவ்வுக்குள் சரியான இடத்தில் தானாக நுழைந்து அமர்ந்திருக்கிறது. பச்சையும் அதனிடமே இருக்கிறது. நாங்கள் இத்தனை காலம் மனிதர்களை வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்கிவிட்டோம்."

"நிலைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சோதனை வேண்டுமே" என்றார் டாக்டர் வாணி. கெட்டிக்காரப் பெண்மணி. "வெட்டுக்காரர்களை விட்டுப் பார்ப்பதுதானே முறை? சரியாக உட்கார்ந்ததை அவர்களால் தொட முடியாது."

சிதைப்புக் குழு வந்தது. மூன்று பேரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தானே.

"சீட்டு புடிச்சிகீறாங்க மேடம். நாங்க இன்னா பண்றது" என்று மூத்தவர் சொல்லிவிட்டார். மனிதர்களைத் தூக்கிப்போட ஒரு நாளும் தயங்காத மூன்று பேர், துணிக்குப் பின்வாங்கினார்கள்.

டாக்டர் வாணி எழுதிக்கொண்டார். ஹால் முழுக்கக் கைதட்டல். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேசமணி கறுப்புத் துணியை விலக்கி, முதல் பச்சைக் கோட்டை எடுத்துவந்து, நாற்காலியின் முதுகில் மாட்டினார். மாட்டிவிட்டு இன்னொரு தடவை கோட்டைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டாக்கில் ஒன்று குறைகிறதே என்று.

"சார், அது என்னுது" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏனோக் நின்றிருந்தான். "நான்தான் சார் அதுக்கு ஆள். நான் வந்தா அத எடுத்துட்டு நான் உக்காரணும். அதான் சார் வழக்கம்."

இயக்குநர் அவனைப் பார்த்தார். "நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா?"

"இல்ல சார்."

"வெளியே இருக்கிறீர்களா?"

"வெளியவும் இல்ல சார். நடுவுல."

இயக்குநர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "இதைத்தான் நான் எப்போதும் சொல்லுவேன். நடுவில் சிக்குகிறதை எந்தப் பசுங்கணிகமும் வைத்துக்கொள்வதில்லை" என்று சொல்லிவிட்டு, சும்மா நின்றிருந்த சிதைப்புக் குழுவுக்குக் கண் காட்டினார். அவர்களுக்கும் அன்றைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. சந்துக்கு வந்து ஏனோக்கை மரியாதையாகக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ரோட்டில் விட்டார்கள்.

பகல் வெளிச்சத்தில்தான் வீட்டுக்குப் போனான். ஸ்வீட்டி துள்ளிக் குதித்தாள். லவினா அவன் தலையைத் துவட்டத் துண்டு எடுத்துவந்தாள். கதை முழுக்கக் கேட்ட பிறகு, "என் கையால தெச்ச துணிக்கு வேலை கெடச்சிட்ச்சி. என்னைக் கட்டிகினவருக்குக் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தும்விட்டாள். ஆண்டு விழாவுக்கு மையத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது, நிலைத்த ஊழியரின் குடும்பத்தார் என்று. போய் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு வந்தாள். கோபம் இருந்தாலும் சால்வை நல்ல சால்வை என்றாள்.

மையம் இப்போது நன்றாக நடக்கிறது. கர்ச்சீப்புக்குப் பக்கத்தில் பாப்பம்மா துணைக்கு நிற்கிறாள். டாக்டர் சுந்தரராஜ் அதை நிலைக்க வைத்ததற்காக அவரையும் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். அதைத் துவைக்கலாமா கூடாதா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டிருக்கிறார்களாம்.

ஒயிட்ஃபீல்டு கம்பெனியில் ஏனோக்கைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அந்த மட்டுக்கும் புண்ணியம். போன திங்கட்கிழமை இருட்டில், மாரிக்குப்பம் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்தேன். ரயில் வந்து நின்றது. எல்லோரும் ஜன்னல் வழியாக வீசினார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னா ஏனோக்கு, கர்ச்சீப் போடலயா?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேலை கெடச்சிட்ச்சிண்ணா" என்றான். பங்காருபேட்டை தாண்டி, ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.